பினாங்கு தெருக்கடைகள்: என்ன சாப்பிடலாம், எப்படி ஆர்டர் செய்யலாம், யார் சமைக்கக் கூடாது?

இரவு நேரம். மலேசியாவின் பினாங்குத் தீவு, ஜார்ஜ் டவுன் நகரம். 1801-ல் தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி நீளமாக ஒரு வரிசை நிற்கிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர், கேமராவோடு வந்த சுற்றுலாப் பயணி என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது சோறும் குழம்பும்தான். கடையை எல்லோரும் சொல்லும் பெயரே ‘பெராத்தூர்’. மலாய் மொழியில் அதற்கு ‘வரிசையில் நிற்பது’ என்று அர்த்தம்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்ற சலுகையும் வந்தது. அதனால் ‘வீக்எண்டுக்கு பினாங்கு போலாமா?’ என்ற பேச்சு ஐடி அலுவலக வாட்ஸ்அப் குரூப்களில் சகஜமாகிவிட்டது. போகிறவர்களில் பலர் சாப்பிடத்தான் போகிறார்கள்.

அங்கே என்ன சாப்பிடலாம்? எப்படி ஆர்டர் செய்வது? அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சண்டை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே தெருவில் இத்தனை ருசி எப்படி வந்தது?

1786-ல் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் என்பவர் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கினார். துறைமுகம் வளர வளர ஆட்கள் வந்தார்கள். தென் சீனாவிலிருந்து ஹொக்கியன், தியோச்சியூ பேசும் மக்கள் வந்தார்கள். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும் தொழிலாளர்களும் வந்தார்கள். இவர்களை அன்று ‘சூலியா’ என்றார்கள். ஜார்ஜ் டவுனின் பிரபலமான சூலியா தெருவுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். அந்தத் தெருவில் இன்றும் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது.

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். சமைத்துப் போட வீட்டில் ஆள் இல்லை. மலிவாக, சூடாக, வயிறு நிறைய யாராவது சாப்பாடு போட வேண்டும். தெருக்கடைகள் அந்தத் தேவையில் பிறந்தவை. 2008-ல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, பழைய கட்டடங்களைப் போலவே இந்தத் தெரு வாழ்க்கையும் உலகின் கவனத்துக்கு வந்தது.

முதல் தட்டு: நாசி கண்டார்

‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்பது தோளில் கம்பு வைத்துச் சுமப்பதைக் குறிக்கும் சொல். கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புச் சட்டிகள். நம் ஊர்க் காவடி போலத் தோளில் தூக்கிக்கொண்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் சோறு விற்றார்கள். கம்பு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்படிக் கடை நடத்துபவர்களை மலேசியாவில் ‘மாமாக்’ என்பார்கள். நம்ம ‘மாமா’தான் அது.

ஆர்டர் செய்வதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் சோறு. பிறகு கோழி, மீன், ஆட்டிறைச்சி, கணவாய் என எது வேண்டுமோ கையால் காட்டலாம். கடைசியில் முக்கியமான கட்டம், குழம்பு. ‘சம்பூர்’ என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். ‘பாஞ்சிர்’ என்றால் வெள்ளம். சோறு மிதக்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். கோழிக் குழம்பும் மீன் குழம்பும் ஒன்றாகக் கலப்பதை நம் ஊரில் யாராவது செய்தால் முறைப்போம். இங்கே அந்தக் கலவைக்குத்தான் வரிசை.

இரண்டு, மூன்று கடைகளைச் சாப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் கேம்ப்பெல் தெருப் பக்கம் போகலாம். 1907-லிருந்து இயங்குவதாகச் சொல்லும் ஹமீதியா உணவகம் அங்கேதான் இருக்கிறது.

சார் குவே தியாவ்: ஒரு முறைக்கு ஒரு தட்டு

தட்டையான அரிசி நூடுல்ஸ். அதில் இறால், கிளிஞ்சல், சீனத் தொத்திறைச்சி, முட்டை, முளைகட்டிய பயறு, பூண்டு வாசனையுள்ள ஒரு வகைத் தாள். எல்லாவற்றையும் கொதிக்கிற இரும்பு வாணலியில் போட்டு வேகமாகப் புரட்டி எடுப்பார்கள். பெயரே செய்முறைதான்: ‘சார்’ என்றால் வறுப்பது, ‘குவே தியாவ்’ என்றால் அரிசிப் பட்டை.

நல்ல கடைக்காரர் பத்துப் பேருக்கு மொத்தமாகப் போட மாட்டார். ஒவ்வொரு தட்டாகத்தான் வறுப்பார். வாணலியில் கூட்டம் அதிகமானால் சூடு இறங்கிவிடும், நூடுல்ஸ் வறுபடாமல் வேகத் தொடங்கிவிடும். அந்தப் புகை வாசனையை சீனர்கள் ‘வாணலியின் மூச்சு’ என்கிறார்கள். அரை மணி நேரம் காத்திருக்க வைப்பதும் அந்த மூச்சுதான்.

ஒரு எச்சரிக்கை: பாரம்பரியமாக இது பன்றிக் கொழுப்பில் வறுப்பது. சாப்பிடாதவர்கள் ஹலால் பலகை உள்ள கடையைப் பார்த்துப் போக வேண்டும்.

அசாம் லக்சா: மீன் குழம்புக்கு சீன உறவினர்

மலேசியாவின் மற்ற ஊர்களில் ‘லக்சா’ என்றால் பெரும்பாலும் தேங்காய்ப்பால் மணக்கும். பினாங்கில் அது புளிக்கும். ‘அசாம்’ என்றாலே புளிப்பு. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் காய்ந்த அசாம் துண்டுகளும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். அந்தத் துண்டு நம் குடம்புளிக்குச் சொந்தக்காரப் பழம். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, ‘புங்கா கந்தான்’ எனும் இஞ்சி வகைப் பூ ஆகியவை. ஒரு கரண்டியில் கறுப்பாக, கெட்டியாக இறால் விழுது தருவார்கள். முதலில் குழம்பை மட்டும் ருசித்துவிட்டு, பிறகு விழுதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது நல்லது. முதல் தடவை சாப்பிடுபவர்கள் முழுசாகக் கரைத்துவிட்டு முழிப்பது வழக்கம்.

பசெம்பூர், செண்டோல், அப்போம்

பசெம்பூர் மாமாக் கடைகளின் சாலட். வெள்ளரி, செங்குவாங் கிழங்கு, டோஃபு, இறால் வடை எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் மிளகாயும் சேர்ந்த இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். கர்னி டிரைவ் கடற்கரைக் கடைகளில் இது பிரபலம்.

செண்டோல் என்பது ரம்பை இலை மணக்கும் பச்சை இழைகள், சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், தென்னங்கருப்பட்டிப் பாகு. பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் நின்றபடியே குடிக்கலாம்.

‘அப்போம்’ என்று பலகை பார்த்தால் யோசிக்க வேண்டாம், நம்ம ஆப்பம்தான். ‘புத்து மாயாம்’ என்பது இடியாப்பம், தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். ‘ரொட்டி சானாய்’ நம் பரோட்டாவின் தம்பி. ‘தே தாரிக்’ என்றால் இழுத்த டீ. உயரத்திலிருந்து ஆத்திய டீயை நாம் சொல்லாத பெயரில் சொல்கிறார்கள்.

போகும் முன் தெரிந்துகொள்ள

* உணவு வளாகத்தில் முதலில் மேசையைப் பிடிக்க வேண்டும், எண்ணை நினைவில் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கடையாகப் போய் எண்ணைச் சொல்லி ஆர்டர். தட்டு வந்ததும் காசு கொடுப்பது வழக்கம்.
* காபிக் கடைக்குள் இருக்கும் தெருக்கடைகளில் இடம் காபிக் கடைக்காரருடையது. ஒரு பானமாவது வாங்குவது மரியாதை. சில இடங்களில் வாங்காவிட்டால் தனிக் கட்டணம்.
* ‘தே ஓ’ என்றால் பால் இல்லாத டீ. ‘கோசோங்’ என்றால் சர்க்கரை இல்லாமல். ‘கூராங் மானிஸ்’ என்றால் இனிப்பு கம்மியாக. ‘புங்குஸ்’ அல்லது ‘தாப்பாவ்’ என்றால் பார்சல்.
* மாமாக் கடையில் ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் போதும், மலாய்க்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சீனக் கடைகளில் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’.
* நாசி கண்டாரில் விலை தட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பெரிய இறால், மீன் முட்டை, கணவாய் எடுக்கும் முன்பு விலை கேட்டுவிடுவது நல்லது. மற்றபடி பல தெருக்கடைத் தட்டுகள் 10 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும்.
* சைவர்கள் கவனிக்க: கீரை வறுவலில்கூட ‘பெலாச்சான்’ எனும் இறால் விழுது இருக்கலாம். லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் தெருப் பக்கம் சைவக் கடைகள் உண்டு.
* ஒவ்வொரு கடைக்கும் ஒரு நேரம், ஒரு விடுமுறை நாள். சரக்கு தீர்ந்தால் கடை மூடிவிடும்.

சரி, சண்டை எதைப் பற்றி?

சமைக்கும் கையைப் பற்றி.

பினாங்கில் பல கடைகளில் முதலாளி உள்ளூர்க்காரர், வாணலியைப் பிடிப்பவர் வெளிநாட்டுத் தொழிலாளி என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது. ‘ருசி மாறிவிட்டது’ என்று உள்ளூர் மக்கள் புலம்பினார்கள். 2014-ல், முதலமைச்சர் லிம் குவான் எங் தலைமையிலான மாநில அரசு, தெருக்கடைகளில் வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக இருக்கக் கூடாது என்று அறிவித்தது. 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பரிமாறலாம், பாத்திரம் கழுவலாம், ஆனால் சமைக்கக் கூடாது. மீறினால் கடை உரிமமே போகலாம். சார் குவே தியாவ், அசாம் லக்சா, பசெம்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. 2024-ல் நாசி கண்டாரும் சேர்க்கப்பட்டது.

ஆதரிப்பவர்கள் சொல்வது என்ன?

பினாங்கின் பெயரே சாப்பாட்டில்தான் நிற்கிறது. ஒரு வாணலியின் சூட்டைக் கணிக்க வருடக்கணக்கில் ஆகும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து போகிறவரிடம் அந்தக் கைப்பக்குவம் தங்காது. மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும் வரை முதலாளி தன் பிள்ளைக்கோ உள்ளூர் இளைஞருக்கோ கற்றுத்தர மாட்டார். இது அவர்கள் வாதம்.

எதிர்ப்பவர்கள்?

கற்றுக்கொள்ள ஆள் எங்கே என்று கேட்கிறார்கள். அடுப்பு அனலில் நாள் முழுக்க நிற்கும் வேலைக்கு, படித்த பிள்ளைகள் வருவதில்லை. பெற்றோரே ‘நீயாவது இந்தக் கஷ்டம் படாதே’ என்றுதான் படிக்க வைக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை பற்றி உணவக உரிமையாளர் சங்கங்கள் மலேசிய அரசிடம் திரும்பத் திரும்ப முறையிட்டு வருகின்றன.

நாசி கண்டார் விஷயத்தில் இன்னொரு நெருடலும் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டை பினாங்குக்குத் தோளில் சுமந்து வந்ததே கடல் தாண்டி வந்த தொழிலாளிதான். தென்காசி, கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர்களின் சந்ததிதான் இன்று பல கடைகளுக்கு முதலாளி. அதே ஊர்களிலிருந்து இன்றைக்கு வேலை அனுமதிச் சீட்டோடு போகும் இளைஞர் அந்தக் கடையில் மேசை துடைக்கலாம். விதிப்படி, தெருக்கடையில் குழம்பை மட்டும் அவர் தாளிக்கக் கூடாது.

அதே நேரம், விதியை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம் என்ற வண்டி ஓடும் வரை, வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது நல்லதல்ல, உள்ளூர் இளைஞரும் அதில் ஏற மாட்டார். ருசி பாதுகாக்கப்பட வேண்டுமானால், பாஸ்போர்ட்டைப் பார்ப்பதோடு சம்பளத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அங்கீகாரம் குவிகிறது. கடை?

2022 டிசம்பரில் மிஷெலின் வழிகாட்டி முதன்முறையாக கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. பல தெருக்கடைகள் அதில் இடம்பிடித்தன. 2024 டிசம்பரில், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பல இனத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

விருது வந்த கடைக்குக் கூட்டம் கூடும். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு வயது குறையாது. ஒரு முறைக்கு ஒரு தட்டு வறுப்பவரால், வரிசை நீண்டுவிட்டது என்பதற்காக இரண்டு தட்டு வறுக்க முடியாது.

பினாங்கு போகிறவர்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். வைரல் கடையில் ஒரு தட்டு சாப்பிட்டால், பக்கத்தில் வரிசையில்லாத கடையிலும் ஒரு தட்டு சாப்பிடலாம். அங்கே பெரியவர் பக்கத்தில் நின்று ஒரு இளைஞர் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தால், கொஞ்சம் தீய்ந்திருந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடலாம். அடுத்த தலைமுறைக்கான தட்டு அங்கேதான் தயாராகிக்கொண்டிருக்கிறது.