மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்கிறதா? ஓய்வு மட்டும் போதாது!

ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முட்டியின் முன்பக்கம் சுருக்கென்று வலி. மாடிப்படி இறங்கும்போது இன்னும் அதிகம். இருபது, முப்பது வயதுகளில் வரும் இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் ‘எலும்புத் தேய்மானம்’ இல்லை. முட்டிச்சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே கூடும் அழுத்தம்தான்.

‘வலிக்குதே’ன்னு வாரக்கணக்கில் காலை அசைக்காமல் இருந்தால் தொடைத் தசை பலமிழந்து, வலி இன்னும் இழுக்கும். ஓடுவதையும் குந்துவதையும் சில நாள் குறைத்தால் போதும். நடப்பதை நிறுத்த வேண்டாம்.

முக்கியமான வேலை, தொடைத் தசையைப் பலப்படுத்துவது. மல்லாந்து படுத்து, வலியில்லாத காலை மடக்கி, வலிக்கும் காலை நீட்டியபடியே ஓரடி உயரம் தூக்குங்கள். 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். தினமும் 10 முறை. பலன் தெரிய 6 வாரத்துக்கு மேலேகூட ஆகலாம். நாலே நாளில் விட்டுடாதீங்க. வலி கூடினால் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம். மடக்கும்போது வெறும் ‘கடக்’ சத்தம், வலியில்லை என்றால் பயம் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் போட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். முட்டி சிவந்து, சூடாகி வீங்கினாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவோ நீட்டவோ முடியாவிட்டாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.