பழைய ஸ்போர்ட்ஸ் கார்: தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா?

செம்பூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். தகப்பனார் ஒரு தனியார் கம்பெனியில் 32 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை ஆண்டும் ஹார்பர் லைன் லோக்கலில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி போய் வந்தவர். மகனுக்கு மஹாபேயில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஷிப்டு முடிவது பின்னிரவு 2 மணிக்கு. அந்த வேளையில் லோக்கல் ரயில் கிடையாது. ஊழியர்களைக் கொண்டுவிடும் வேனைக் கம்பெனி நிறுத்தியதும், கார் ஒன்று வாங்கியே தீருவது என்று வீட்டில் முடிவாயிற்று.

மகனின் சேமிப்பு நாலரை லட்சம். அம்மா சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம். இந்த ஒன்றரை லட்சம் தங்கையின் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கி வைத்தது. ஆக மொத்தம் ஆறு லட்சம். அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் ஒரு பழைய வேகன் ஆர் வாங்கலாம் என்றார் அப்பா. பையனோ வேகமான கார்தான் வேண்டும் என்றான். இருபத்தெட்டு வயதில் வேறென்ன கேட்பான்?

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சினிமாக் கதாநாயகன் ஓட்டும் கூரையில்லாத வண்டிதான் நினைவுக்கு வரும். நம் நாட்டிலும் ஸான் ஸ்டார்ம் என்று இரண்டே இருக்கைகளுடன், பைபர் உடலும் ரெனால்ட் எஞ்சினுமாக ஒரு கார் செய்து விற்றார்கள். ஆனால் அப்படிப்பட்ட வண்டிக்கு உதிரி பாகம் தேடியே ஆயுள் கழிந்துவிடும். நடுத்தரக் குடும்பத்தின் பிடிக்குள் வருவது வேறு ரகம். சாதாரணச் சிறிய காரின் உடலுக்குள் பலமான எஞ்சினை வைத்துக் கம்பெனிகளே விற்ற வண்டிகள் அவை. ஐந்து பேர் உட்காரலாம், மார்க்கெட் பையும் வைக்கலாம், காலை அழுத்தினால் சீறிக்கொண்டு கிளம்பும். அப்படிப்பட்ட மூன்று கார்களைப் பையன் குறித்து வைத்திருந்தான்.

துணைக்கு அப்பா அழைத்துப்போனது தாராவி 90 அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மெக்கானிக்கை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

நம்ம ஊர் நம்பர்

முதலில் பார்த்தது 2014ஆம் ஆண்டு போலோ ஜி.டி. புனேக்கு அருகே சாக்கனில் தயாரான வண்டி. 2013இல் விற்பனைக்கு வந்தபோது 1.2 லிட்டர் டர்போ எஞ்சினில் 105 குதிரைசக்தி என்பது பெரிய பேச்சாக இருந்தது. தரகர் வைத்திருந்த இந்தக் காரில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட். சென்னை வண்டி. பையனுக்கு அங்கேயே பாதி மனது விழுந்துவிட்டது. அப்பாவுக்கும்தான். “நம்ம ஊர் வண்டிப்பா” என்று பானெட்டைத் தடவிக் கொடுத்தார்.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. முன் சீட்டுக் கதவைத் திறந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். நாம் வழக்கமாக இழுக்கும் நீளத்தையும் தாண்டிக் கடைசிவரை வந்தது. அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை, கோடு போட்டாற்போல. பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அடிப்பள்ளத்தின் மூலையில் காய்ந்த வண்டல். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் நகரும் தண்டவாளத்தைத் தடவிக் காட்டினார். விரலெல்லாம் துரு.

“தம்பி, இந்த வண்டி குளிச்சிருக்கு” என்றார்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். மும்பைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததும், மறுநாள் தெருத்தெருவாகக் கார்கள் சேற்றில் நின்றதும் பலர் கண்ணால் கண்டது. மூழ்கிய கார்களில் பலவற்றை இன்ஷூரன்ஸ்காரர்கள் நஷ்டஈடு கொடுத்து ஏலத்தில் தள்ளிவிடுகிறார்கள். அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு, வெள்ளத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றாத வெளிமாநிலத்துக்கு வந்து சேர்கின்றன. எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். கம்பளத்துக்கு அடியில் ஓடும் மின்கம்பி இணைப்புகளுக்குள் புகுந்த தண்ணீரை யார் துடைப்பது? இன்றைய கார் முழுக்கக் கம்ப்யூட்டர்தான். ஏதோ ஒரு நள்ளிரவில், வாஷி பாலத்தின் நடுவில், அந்தத் துரு தன் கணக்கைத் தீர்க்கும்.

வெள்ளம் பாராத வண்டியாகவே இருந்தாலும் வெளிமாநில நம்பரில் வேறு செலவு உண்டு. பழைய ஆர்.டி.ஓ.விடம் 28ஆம் நம்பர் பாரத்தில் ஆட்சேபணை இல்லை என்று வாங்கி வர வேண்டும். மகாராஷ்டிரத்தில் மீண்டும் சாலை வரி கட்டிப் புது நம்பர் வாங்க வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு அலைகிற அலைச்சல் தனி. ஊர்ப் பாசத்துக்குக் கொடுக்கும் விலை இது.

அந்தக் காரின் கியர் பெட்டியைப் பற்றியும் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார். அதில் இருப்பது இரட்டைக் கிளட்ச் வைத்த ஏழு கியர் ஆட்டோமாட்டிக். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நெடுஞ்சாலையில் வெண்ணெய் மாதிரி மாறும். ஆனால் இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். மான்குர்ட் சிக்னலில் அங்குலம் அங்குலமாக ஊரும்போது பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடேறும். பழுதானால் பில் லட்ச ரூபாயைத் தொட்டுவிடும். ஆட்டோமாட்டிக் என்றால் ஊருக்குள் சுகம் என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை விசாரித்தே வாங்க வேண்டும்.

சூடான பானெட்

இரண்டாவது கார் தாணேயில். அபார்த் புன்டோ. பையனின் கனவுக் கார் அதுதான். 2015இல் பியட் கம்பெனி ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் செய்து இறக்கிய இந்தச் சின்னக் காருக்கு 1.4 லிட்டர் டர்போ எஞ்சினில் 145 குதிரைசக்தி. அந்த விலையில் வேறு யாரும் அத்தனை பலம் கொடுத்ததில்லை.

“காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்” என்று முதல் நாளே போனில் சொல்லியாயிற்று. போனவுடன் அண்ணாச்சி பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. கழுவுவதற்காகக் கொஞ்சம் நகர்த்தினேன் என்றார் சொந்தக்காரர். இருக்கலாம். ஆனால் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது முதல் ஸ்டார்ட்டில் வரும் புகைதான் நிஜம் பேசும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டர்போ வண்டியில் அது சின்ன நோய் அல்ல. சூடான வண்டியில் இதெல்லாம் தெரியாமல் போய்விடும்.

சொந்தக்காரர் நல்லவர்தான். எதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டரில் ‘மேப்’ மாற்றி இன்னும் 30 குதிரைசக்தி கூட்டியிருப்பதாகவும், சைலன்சரையும் மாற்றியிருப்பதாகவும் பெருமையாகவே சொன்னார். அவர் பெருமையாகச் சொன்னதெல்லாம் வாங்குகிறவனுக்கு அபாய அறிவிப்பு. கூட்டிய பலத்தைக் கிளட்சும் கியரும் இத்தனை நாள் சுமந்திருக்கின்றன. தவிர, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இது நல்ல சாக்கு.

அப்படியும் பையனுக்கு மனமில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்தவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து அப்பாவே கொஞ்சம் தடுமாறிப்போனார். “அண்ணாச்சி, இதை நான் பார்த்துக்குவேன்” என்றான்.

“நீ பாத்துக்குவ தம்பி. பாகம் எங்க பாப்ப?” என்றார் அண்ணாச்சி. பியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. எஞ்சினின் அண்ணன் தம்பி லீனியா காரில் உண்டு. அதனால் சில பாகங்கள் குர்லா சி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளில் அகப்படும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டாவது கார் இருப்பவர் காத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லோனாவாலா போகிறவர் காத்திருக்கலாம். இரவு 2 மணிக்கு வீடு திரும்ப வேண்டியவன் என்ன செய்வான்?

திரும்பி வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை.

மூன்றாவது கார்

முலுண்டில் ஒரு வயதான தம்பதி. வெளிநாடு போய்விட்ட மகன் விட்டுச்சென்ற 2017 மாடல் பலேனோ ஆர்.எஸ். மாருதி கம்பெனி அந்த ஆண்டில் கொண்டுவந்து, சுமார் மூன்றே ஆண்டில் நிறுத்திவிட்ட ரகம். ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், ஏறக்குறைய 100 குதிரைசக்தி, கையால் மாற்றும் ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். எடை ஒரு டன்னுக்குக் கீழே. பேருக்கு அபார்த்தைவிடப் பலம் குறைவுதான். ஆனால் எடை குறைந்த வண்டி திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். குண்டும் குழியுமான ரோட்டில், மணிக்கு 40 கிலோமீட்டரில், ஓட்டுகிறவனுக்குக் கிடைக்கும் சந்தோஷம் அதுதானே. 145 குதிரையையும் அவிழ்த்துவிடச் செம்பூருக்கும் மஹாபேக்கும் நடுவில் இடம் ஏது?

எஞ்சின் ஆறியிருந்தது. புகையில்லை. கிளட்ச்சைச் சோதிக்க அண்ணாச்சி ஒரு வழி வைத்திருக்கிறார். மெதுவாகப் போகும்போதே மேல் கியர் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்துவார். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போயிற்று. இது ஏறியது. சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றிய தேதிகள் விடாமல் இருந்தன. டர்போ வண்டிக்கு இந்தப் பக்கம்தான் ஜாதகம்.

டயரைப் பார்க்கச் சொன்னார் அப்பா. குமாஸ்தா அல்லவா, எண்களில் கண் போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆறேழு வருஷத்து டயரில் பட்டை எவ்வளவு மிச்சமிருந்தாலும், வேகமாக ஓடும் காரில் நம்பக்கூடாது. அதுபோலவே ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் வருஷக் குறி உண்டு. இடது பின்கதவுக் கண்ணாடி மட்டும் பிந்திய வருஷம். வீட்டுக்காரம்மாவைக் கேட்டதும், மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து உடைந்தது என்று ரசீதையே எடுத்துக் கொடுத்தார். கதவு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட அடையாளம் இல்லை. காந்தத்தை வைத்துப் பார்த்ததில் எல்லா இடத்திலும் ஒட்டியது. புட்டி பூசியிருந்தால் ஒட்டாது.

குறையே இல்லாத வண்டியா? இல்லை. எஞ்சின் மற்ற பலேனோக்களில் இல்லாதது, டர்போ போனால் செலவுதான் என்பதை அண்ணாச்சி மறைக்கவில்லை. ஆனால் கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவை மூலைக்கு மூலை கிடைக்கும். பேரம் நாலு லட்சத்து எழுபதாயிரத்தில் முடிந்தது. மிச்சம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தில் நாலு டயரும் பேட்டரியும் பிரேக் வேலையும் போக, பாக்கி வங்கியிலேயே இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. ஆறு லட்சத்துக்கும் கார் வாங்கிவிட்டு முதல் ரிப்பேருக்குக் கடன் கேட்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர்.

காகிதம்

இங்கே ஒரு முட்டுக்கட்டை. வங்கிக் கடன் அடைந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை. 35ஆம் நம்பர் பாரம் கொடுத்து நீக்கும்வரை பத்தாயிரம் ரூபாய் அட்வான்சுக்கு மேல் கொடுப்பதில்லை என்று அப்பா பிடிவாதமாக நின்றார். பெரியவர் சற்று வருத்தப்பட்டார். இருந்தாலும் மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தார்.

விற்கிறவரும் பெயர் மாற்றத்தில் கண்ணாக இருக்க வேண்டும். வண்டியைக் கொடுத்தாலும் ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் இருக்கும்வரை விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்சுக்கும் வாங்கியவருக்கு 14 நாள் கெடு. பழைய சொந்தக்காரர் ஓட்டிச் சம்பாதித்த போலீஸ் அபராதங்கள் பாக்கியிருக்கிறதா என்பதையும் நம்பரை வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வேகமான கார்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்!

பெயர் மாறி வந்த வாரம், பையன் அப்பாவை உட்கார வைத்துப் பின்னிரவில் வாஷி பாலம்வரை ஒரு சுற்று அழைத்துப் போனான். சுங்கச் சாவடியில் நிற்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரிலேயே கார்களுக்குச் சுங்கம் எடுத்தாயிற்று. காலியான ரோட்டில் அவன் ஒருமுறை அழுத்திக் காட்டினான். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ரயில் பாலம் இருட்டில் கிடந்தது. அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சீசன் டிக்கெட்டைப் புதுப்பிச்சிட்டியா?” என்று கேட்டார்.

புதுப்பித்திருந்தான், மூன்று மாதத்துக்கு. ஜூலையில் மழை வலுத்த நாட்களில், தேங்கிய தண்ணீரில் காரை இறக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு. ஷிப்டை மாற்றிக்கொண்டு அவன் லோக்கலில் போய் வந்தான். கார் வாசலில் நனைந்தபடி நின்றது. அம்மா சீட்டில் எடுத்த பணத்தில் மிஞ்சியது மட்டும் நனையாமல் வங்கியில் இருக்கிறது.