நெஸ்லரைஸ்: ஓர் அருஞ்சொல்லும் அதன் பொருளும்

ஆட்பெயர் வினைச்சொல்லாதல் ஆங்கிலத்திற்கு இயல்பானதொன்று. 1880ஆம் ஆண்டில் அயர்லாந்து உழவர்கள் பாய்காட் என்னும் நிலக் காரியக்காரரோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தினர். அவர் பெயரே புறக்கணித்தலைக் குறிக்கும் வினையாயிற்று. பாலை அளவாகச் சூடேற்றிக் காக்கும் முறைக்கு லூயி பாஸ்டரின் பெயரும், இரும்பின்மேல் துத்தநாகம் பூசுதலுக்குக் கால்வானியின் பெயரும் வழங்குகின்றன. இவை பலரும் அறிந்தவை. நீராய்வுக் கூடங்களுக்கு வெளியே பெரும்பாலும் செவியிற் படாத வினையொன்றும் இவ்வகையில் உண்டு. அதுவே 'நெஸ்லரைஸ்'. நீரில் அம்மோனியா உளதா, உளதெனில் எவ்வளவு என்பதை நெஸ்லர் கரைசல் கொண்டு ஆய்ந்தறிதல் என்பது அதன் பொருள்.

ஜூலியஸ் நெஸ்லர் (1827-1905) ஜெர்மனியின் பாடன் பகுதியைச் சார்ந்த வேளாண் வேதியியலறிஞர். திராட்சை மதுவும் புகையிலையும் அவர்தம் ஆய்வுப் பொருள்கள். (பால்மாவிற்குப் பெயர்பெற்ற நெஸ்லே வேறு, இவர் வேறு.) அவர் 1856இல் வெளியிட்ட கரைசல், பாதரச அயோடைடைப் பொட்டாசியம் அயோடைடில் கரைத்துக் கடுங்காரம் சேர்த்து ஆக்குவது. அம்மோனியா சிறிதளவே இருப்பினும் இக்கரைசல் பட்டவுடன் நீர் மஞ்சள் நிறம் பெறும். மிகுதியாக இருப்பின் பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும்.

அளவறியும் முறை எளிது. அடிதட்டையான, ஒரே அளவுள்ள நீண்ட கண்ணாடிக் குழல்களை வரிசையாக நிறுத்துவர். ஒன்றில் ஆய்வுக்குரிய நீர். ஏனையவற்றில் அறிந்த அளவு நவச்சாரம் கரைந்த நீர். எல்லாவற்றிலும் நெஸ்லர் கரைசலை ஒரே அளவில் இடுவர். பின்னர் வெண்ணிறப் பரப்பின்மேல் வைத்து, மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்து, எந்தக் குழலின் நிறத்தோடு ஒத்திருக்கிறதெனத் தேர்வர். பொற்கொல்லர் கட்டளைக்கல்லில் பொன்னை உரைத்து, மாற்றறிந்த பொன்னின் உரையோடு ஒப்பிடுவதை இது நினைவூட்டுகிறது. நவச்சாரம் ஈயம் பூசுவோரிடம் இன்றும் காணப்படும் பழம்பொருள். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் அரபு நூல்களிலும் அது பேசப்படுகிறது.

அம்மோனியாவை ஏன் தேடவேண்டும்? கிணற்றில் கழிவுநீர் கலந்தால், சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாகும். குடிநீரில் காணப்படும் சிற்றளவு அம்மோனியா தானே பெருந்தீங்கு செய்வதன்று. தீங்கு வந்த வழியைக் காட்டும் சான்று அது. 1854இல் இலண்டன் பிராட் தெரு அடிகுழாய் நீரால் வாந்திபேதி பரவியதை ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டினார். ஆயினும் இராபர்ட் காக் அந்நோயின் நுண்ணுயிரை இனங்கண்டது 1880களில்தான். இடைப்பட்ட காலத்தில், 1867இல் வாங்க்ளின், சாப்மன், ஸ்மித் ஆகியோர் நீரைக் காய்ச்சி வடித்து, வடிநீரை நெஸ்லர் கரைசலால் ஆயும் முறையை வகுத்தளித்தனர். நோய்க்கிருமியை அறியாதோர் கழிவின் தடத்தையேனும் அறிந்தனர்.

இனி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில 'ஐஸ்' விகுதியைக் கண்டவுடன் 'ஆக்கு' என எழுதுவது நம் மொழிபெயர்ப்பாளரிடையே பழகிப்போன வழக்கம். அவ்வழியே சென்றால் 'நெஸ்லராக்கிய நீர்' என்போம். பாஸ்டர் முறையிற் பதப்படுத்திய பால் பருகத் தக்கது. அதே சாயலில் நெஸ்லராக்கிய நீரும் தூய்மையாக்கிய நீர் என்றே தமிழ்வழி பயிலும் மாணவர் கொள்வர். உண்மையோ நேர்மாறானது. இவ்வினை நீரைத் திருத்துவதில்லை, வினவுகிறது. வினவி முடித்தபின் அந்நீர் பாதரச நஞ்சு கலந்தது. குடிக்கவும் ஆகாது, சாக்கடையில் ஊற்றவும் ஆகாது. விகுதி ஒன்றே, அது சுட்டும் தொழில்களோ வேறு.

கால்வானியின் பெயரை விடுத்து 'நாகமுலாம் பூசுதல்' எனச் செயலையே பெயராக்கிய நம் கலைச்சொல்லாளரின் வழி செம்மையானது. டயர் ஒட்டும் கடைக்காரரோ 'வல்கனைசிங்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டார்; அதனையும் நாம் குறைகூற மாட்டோம். நெஸ்லருக்கு இவ்விரு வழிகளும் முற்றும் பொருந்தா. 'நிறம் ஒப்பிடு' என்றால் எத்தனையோ ஆய்வுகளுக்கு அது பொதுவாகிவிடும். ஒலிபெயர்த்தால் பொருள் விளங்காது. 'நெஸ்லர் சோதனைக்கு உட்படுத்து' என்பதே தகும் என்பது எம் கருத்து. சற்று நீளம்தான், எனினும் 'சோதனை' என்னும் சொல் மயக்கத்தைத் தடுத்துவிடுகிறது.

இந்திய தர நிறுவனத்தின் 10500 எண்ணுள்ள குடிநீர்த் தரக்குறிப்பு (2012) அம்மோனியாவுக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என எல்லை வகுத்தது. ஆனால், அமெரிக்க நீராய்வுத் தரமுறை நூலின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பு நெஸ்லர் முறை கைவிடப்பட்டதெனக் குறித்தது. பாதரசக் கழிவை அகற்றுதல் அரிதென்பதே காரணம். நீல நிறம் தரும் ஃபீனேட் முறையும் அம்மோனியா மின்முனையும் அவ்விடத்தைப் பெற்றன. பழைய ஆய்வேடுகளைப் பயில்வோர் இச்சொல்லை இனியும் எதிர்கொள்வர். நெஸ்லர் குழல் என்னும் பெயரோ ஆய்வுக்கூட அலமாரிகளில் நிலைத்துள்ளது.