ஸார், சாமி எந்தப் பக்கம்?

செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தேகாலுக்கு மாடி வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டினான். நாலு நாள் தாடி, கையில் செல்போன், கண்ணில் கலவரம். வாடகையை உயர்த்தினால்தான் இப்படி வருவான். நானோ உயர்த்தவில்லை.

"ஸார்... மருந்தீஸ்வரர் கோயில்ல சாமி எந்தப் பக்கம் பார்த்து இருக்காரு?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. திருவான்மியூரில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிற பையன் கேட்கிற கேள்வியா இது?

விஷயம் இதுதான். பையனுக்கு ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அம்மா திங்கள்கிழமை தவறாமல் போன் பண்ணுவார். "கோயிலுக்குப் போனியால?" "போனேம்மா." "விபூதி வாங்கினியா?" "வாங்கினேம்மா." வாரத்துக்கு ஒன்று என்றாலும் இரண்டு வருடத்தில் நூறு பொய்! இப்போது அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார். மூட்டு வலியாம். மருந்தீஸ்வரரைப் பார்த்தே ஆக வேண்டும், மகன்தான் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்ட வேண்டும்.

"நீ இந்த ஊர்ல என்னதான் பார்த்திருக்கே?" என்றேன்.

யோசித்தான். ரயில் நிலையம். டைடல் பார்க். முனையில் பிரியாணிக் கடை. அவ்வளவுதான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டைடல் பார்க் 2000-ல் வந்தது, பறக்கும் ரயில் 2004-ல் வந்தது. இரண்டும் ஊருக்கு மேற்கே. இந்தத் தலைமுறைக்குத் திருவான்மியூர் என்றால் அந்த மேற்கு ஓரம்தான். மற்றவர்களுக்கோ மகாபலிபுரம் போகிற வழி. கிழக்குக் கடற்கரைச் சாலை இங்கே புறப்படுகிறது என்பதாலேயே எல்லாரும் இங்கிருந்து புறப்பட்டுப் போய்விடுகிறார்கள். நான் தொண்ணூறுகளில் பிரம்மச்சாரியாக வந்தபோது இந்த ஊருக்கு அடையாளம் ஜெயந்தி தியேட்டர். இன்று தியேட்டர் இல்லை, 'ஜெயந்தி சிக்னல்' மட்டும் இருக்கிறது. இல்லாத தியேட்டர் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிற ஊர்!

"சரி, வியாழக்கிழமை சாயந்திரம் சீக்கிரம் வா. ஒத்திகை பார்த்துடலாம்" என்றேன். உள்ளே இருந்து என் மனைவி, "அம்மாவுக்குப் புடவை எடுத்தியாப்பா?" என்று கேட்டாள். பையன் முகம் இன்னும் வெளுத்தது.

வியாழன் சாயந்திரம் கோயில் குளத்தருகே நின்றோம். பையன் சிட்டுக்குருவி மாதிரி கிழக்குக் கோபுரத்தை நோக்கிப் பாய்ந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாட்டிக்கிட்டியே! சாமி மேற்கே பார்த்து இருக்கார். இப்படிப் போனா அவர் முதுகுப் பக்கம்தான் போவே!"

கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு ஐந்து நிலைக் கோபுரங்கள். ஆனால் மூலவர் மேற்கு பார்த்தவர். இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அப்பய்ய தீட்சிதர் வேளச்சேரியிலிருந்து தரிசனத்துக்கு வருவாராம். ஒரு நாள் வழியெல்லாம் வெள்ளம். தூரத்தில் நின்று பார்த்தால் சுவாமியின் பின்பக்கம்தான் தெரிகிறது. 'முகம் காட்ட மாட்டாயா' என்று உருக, சுவாமியே மேற்கே திரும்பிவிட்டாராம். வேளச்சேரியில் வெள்ளம் என்பது புதுச் சமாசாரம் இல்லை, பாருங்கள்!

லிங்கம் வெண்மை நிறம். அதனால் பால்வண்ணநாதர் என்றும் பெயர். காமதேனு பால் சொரிந்து வழிபட்டது என்பது ஐதீகம். அகத்தியருக்கு இறைவன் மூலிகை வைத்தியத்தை உபதேசித்தது இங்கே வன்னி மரத்தடியில். அதனால்தான் மருந்தீஸ்வரர். அம்பாள் திரிபுரசுந்தரி தெற்கு பார்த்துத் தனிச் சன்னதி. பையன் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டான். "வன்னி மரம் எது, படம் எடுத்துக்கலாமா?" என்றான். பரீட்சைக்கு முதல் நாள் நோட்ஸ் கடன் வாங்குகிறவனைப் போல் இருந்தது.

ஒரு நிமிஷம் போனைப் பையில் போடச் சொல்லி, தியாகராஜர் மண்டபத்துத் தூண்களைப் பார்க்க வைத்தேன். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சம்பந்தர் பாட்டில் கடலும் சங்கும் வரும். கோயில் வாசலில் கடலைக் காணோமே என்று நினைக்க வேண்டாம், இரண்டு பஸ் நிறுத்த தூரத்தில் இன்னும் இருக்கிறது! கல்வெட்டெல்லாம் சோழர் காலத்தவை. பங்குனி உற்சவத்தில் தியாகராஜர் வீதியுலா வரும்போது வந்து பாருங்கள். மாட வீதியில் எள் போட்டால் கீழே விழாது. அன்றைக்குப் பைக்கில் வந்து சிக்கிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

வெளியே வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பினால், சாலையின் நடுவிலேயே ஒரு சின்னக் கோயில். பையன் தினமும் ஷேர் ஆட்டோவில் அதைச் சுற்றிப் போயிருக்கிறான். "டிராபிக் போலீஸ் நிக்கிற மேடைன்னு நினைச்சேன் ஸார்." அடப்பாவி! அது வால்மீகி முனிவர் சன்னதி. அவர் வழிபட்டதால்தான் ஊருக்கே திருவான்மியூர் என்று பேர் வந்தது என்பார்கள். ராமாயணம் எழுதியவரை நடுரோட்டில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறோம். அவர் புற்றுக்குள்ளேயே அசையாமல் இருந்தவர். இதையும் பொறுத்துக்கொள்கிறார்.

பசி எடுத்தது. மாட வீதியில் சூடாக இட்லி, காரச் சட்னி. பையன் எட்டு இட்லி, நான் நாலு. (ஆறு. மனைவிக்கு நாலு என்று சொல்லியிருக்கிறேன்.) என் பிரம்மச்சாரி காலத்தில் இந்த மாதிரி சாயந்திரங்களில் அடையாறு காந்தி நகர் வரை நடப்போம். அங்கே 1982-ல் தொடங்கிய கிராண்ட் ஸ்வீட்ஸில், வாங்க வருகிறவர்களுக்குத் தொன்னையில் சுடச்சுடப் புளியோதரை கொடுப்பார்கள். நூறு கிராம் காராசேவு வாங்கிவிட்டுத் தொன்னையிலேயே ராத்திரிச் சாப்பாட்டை முடித்த நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த நண்பர்களில் நான் சேர்த்தியா என்று கேட்காதீர்கள்.

இட்லிக்குக் காசு கொடுக்கப் பையன் பர்ஸைத் திறந்தான். (போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வன்னி மரத்தைப் பதினேழு கோணத்தில் எடுத்தால் தீராமல்?) பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாள் கீழே விழுந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, செலோ டேப் ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். சண்முக கவசம்!

"அம்மா கொடுத்தது ஸார். பர்ஸ்ல வச்சுக்கச் சொன்னாங்க. அவங்க தினமும் சொல்லுவாங்க, மனப்பாடம்."

"இதை எழுதினது யாருன்னு தெரியுமா?"

"கீழே போட்டிருக்கே... பாம்பன் சுவாமிகள்."

"அவர் எங்கே இருக்கார் தெரியுமா?"

"பாம்பன்லயா ஸார்?"

"நீ பிரியாணி வாங்கற கடைக்கு ரெண்டு தெரு தள்ளி."

பையன் பேசவில்லை. அங்கேயிருந்து நேரே நடந்தோம். பாம்பன் சுவாமிகள் 1929-ல் சமாதி ஆனார். சமாதி இதே திருவான்மியூரில், கலாக்ஷேத்ரா பக்கம். சண்முக கவசம் முப்பது பாட்டு. 'அ'வில் தொடங்கி 'ன'வில் முடியும். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், எழுத்துக்கு ஒரு பாட்டு. 1923-ல் சென்னையில் வண்டி மோதி அவர் கால் எலும்பு முறிந்தது. அப்போது எழுபது வயது தாண்டியவர். இந்த வயதில் கூடுவது கஷ்டம் என்று பொது மருத்துவமனையில் கைவிரித்தார்களாம். சீடர்கள் உட்கார்ந்து சண்முக கவசம் ஓதினார்கள், கால் கூடியது என்பது பக்தர்கள் சொல்கிற வரலாறு. ஓதுகிற பாட்டு அவரே எழுதியது!

சமாதிக்கு முன்னால் பையன் அந்தத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். நான் செருப்பு விட்ட இடத்தில் காத்திருந்தேன்.

மறுநாள் வெள்ளி. பையன் அரை நாள் லீவு போட்டான். புடவைக்கு தி.நகர் போகிறேன் என்றவனை என் மனைவி தடுத்து, கலாக்ஷேத்ராவின் கைத்தொழில் மையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். (சனி, ஞாயிறு பார்த்துப் போய் ஏமாறாதீர்கள். வேலை நாள் காலைதான் உத்தமம்.)

கலாக்ஷேத்ரா என்றால் டான்ஸ் என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். ருக்மிணி தேவி 1936-ல் அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் தொடங்கியது. பிற்பாடு இங்கே நூறு ஏக்கரில் மரங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. 1977-ல் மொரார்ஜி தேசாய் ஜனாதிபதி ஆகிறீர்களா என்று கேட்டு, வேண்டாம் என்று சொன்ன அம்மையார் அவர். எனக்கு ஆபீஸில் செக்‌ஷன் சூப்பிரண்டு பதவி தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டிசம்பர் கடைசியில் நடக்கும் கலைவிழாவுக்கு ஒரு முறை போய் அந்தக் கூத்தம்பலத்தில் உட்காருங்கள். கேரளக் கோயில் பாணியில் கட்டியது, டான்ஸ் புரியாவிட்டாலும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நாட்டிய நாடகங்களுக்கு மனசுக்குப் பிடித்த துணி வேண்டும் என்றுதான் தறி போட்டார்கள். பழைய பாட்டிகள் பெட்டியில் இருந்த புடவைகளின் டிசைனைத் தேடி எடுத்து, மறுபடி நெய்ய வைத்தார் ருக்மிணி தேவி. அகலக் கரை, உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு எதிர் நிறம். இதைத்தான் இன்றும் கலாக்ஷேத்ரா புடவை என்று தேடி வருகிறார்கள். பக்கத்தில் கலம்காரிப் பிரிவு. மூங்கில் குச்சி முனையில் சாயம் தொட்டுத் துணியில் கோடு போடுகிறார்கள், கை நடுங்கினால் துணி போச்சு. தறியில் நாடா இங்கும் அங்கும் ஓட, ஒரு விரல் அகலம் நெய்ய எத்தனை நேரம் ஆகிறது என்று பையன் நின்று பார்த்தான். விலையைக் கேட்டபோது ஒரு தரம் எச்சில் விழுங்கினான். ஆனால் தள்ளுபடி உண்டா என்று கேட்கவில்லை. அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் ஒன்றை எடுத்தான்.

ஞாயிறு வந்தது. அம்மாவும் வந்தார். கையில் கருப்பட்டி மூட்டை. மூட்டு வலியோடு படியேறி, எங்கள் வீட்டுக்கு முதலில் ஒரு கட்டி கொடுத்துவிட்டுத்தான் மாடிக்குப் போனார்.

கோயிலுக்கு நாங்களும் போனோம். பையன் பிரமாதப்படுத்தினான். குளத்தைச் சுற்றி மேற்கு வாசலுக்கு நேராக நடத்திக் கூட்டிப்போனான். "சாமி மேற்கு பார்த்தவரும்மா. இப்படி வந்தாத்தான் நேர் தரிசனம்." அம்மா முகத்தில் பெருமை. நான் மனசுக்குள் விசில் அடித்தேன். அப்போதுதான் வாசலில் பூக்காரம்மா கூப்பிட்டார்: "தம்பி! முந்தாநேத்து வந்து எந்தப் பக்கம்னு தெரியாம முழிச்சியே, அந்தத் தம்பிதானே? இன்னிக்கி அம்மாவையே கூட்டியாந்துட்டியா! செருப்பை இங்க விடு."

முந்தாநாள் இல்லை, வியாழக்கிழமை என்று திருத்தலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று சுற்று சுற்றினார். வன்னி மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். விபூதியை முழங்காலில் தடவிக்கொண்டார்.

சாயந்திரம் பாம்பன் சுவாமிகள் சமாதி. உள்ளே போகிறவரை எங்கே போகிறோம் என்று அவன் சொல்லவில்லை. பெயர்ப் பலகையைப் படித்ததும் அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், மூட்டு வலி மறந்துபோய். முப்பது பாட்டையும் தாளில்லாமல் சொன்னார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, செலோ டேப் ஒட்டிய தாளைப் பார்த்துக் கூடவே சொன்னான். நடுவில் செல்போன் இரண்டு தரம் அடித்தது. எடுக்கவில்லை.

அப்புறம் கடற்கரை. மெரினா அளவுக்குக் கூட்டமில்லை, நிம்மதியாகக் கால் நனைக்கலாம். மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்த மணலில்தான் பங்குனி ஆமைகள் ராத்திரி ஏறி வந்து முட்டையிடும். 1988-லிருந்து மாணவர்கள் குழு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, முட்டைகளைப் பத்திரப்படுத்திப் பொரிய வைத்துக் கடலில் விடுகிறது. பையன் இதைச் சொல்லிக்கொண்டே வந்தான். இது நான் சொல்லிக்கொடுக்காதது. அவனே படித்திருக்கிறான்!

அம்மா சுண்டலில் ஒரு மாங்காய்த் துண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏல, ரெண்டு வருஷமா திங்கக்கிழமை எங்கல போனே?"

"...ஆபீசுக்கும்மா."

"அதைச் சொல்லுததுக்கு என்னல?"

புடவைப் பொட்டலத்தை அப்போதுதான் கொடுத்தான். தெருவிளக்கு வெளிச்சத்தில் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார். பாதி விலை சொன்னான். நூற்றியோராவது பொய்.

மறுநாள் காலை திருவான்மியூர் குப்பத்தில் மீன் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார் அந்த அம்மா. நெத்திலியை அள்ளி மோந்து பார்த்து, சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரம்மாவோடு கால் மணி நேரம் பேரம். ஜெயித்தது திருச்செந்தூர்தான். பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"புடவை என்ன விலைன்னு நெசத்தைச் சொல்லுங்க ஸார்."

கையில் ஒரு கிலோ சங்கரா. மதியச் சாப்பாடு மாடியில். நான் பையன் சொன்ன விலையையே சொன்னேன்.