வறட்சிக் கணக்கில் குழந்தைகளையும் சேர்ப்போம்

மழை பொய்த்தால் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். எந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு கருகியது என்று அடங்கலைப் பார்த்துக் குறித்துக் கொள்கிறார். 33 விழுக்காடும் அதற்கு மேலும் பயிர் சேதமடைந்திருந்தால் இடுபொருள் நிவாரணத்துக்கு வழி உண்டு. மாடு செத்தால் அதற்கும் கணக்கு உண்டு. ஆனால் அதே வறட்சியில் எடை குறைந்த குழந்தை எத்தனை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளை எத்தனை என்று எந்தப் பதிவேட்டிலும் சேர்த்து எழுதுவதில்லை. எழுதப்படாத நஷ்டத்துக்கு நிவாரணமும் இல்லை.

இந்தக் கணக்கை விவசாயிகள் தாங்களே போட்டுக்கொள்ள முடியும். படித்தவர் உதவி வேண்டியதில்லை. ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். அதைப் போடும் முறையைத் திருப்பூர் மாவட்ட நிலைமையை வைத்துப் பார்ப்போம்.

நாற்றும் மரமும்

ஒரே வெயிலில் வேரூன்றிய வேப்பமரம் நிற்கிறது. மூன்று நாள் நாற்று தலை சாய்கிறது. குழந்தையும் அவ்வாறே. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகத் தண்ணீர் குடிக்கிறது, அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. ஆகவே தண்ணீரிலும் காற்றிலும் உள்ள கெடுதலும் அதற்கு அதிகமாகவே சேருகிறது. கைக்குழந்தைக்குத் தாகம் என்று சொல்லத் தெரியாது. நிழலுக்கு நகர்ந்து போகவும் முடியாது. வளரும் வயதில் ஓராண்டு ஊட்டம் குறைந்தால், பின்னால் நல்ல மழை பெய்தாலும் அந்த வளர்ச்சி முழுவதும் திரும்புவது கடினம். பயிருக்கு அடுத்த போகம் உண்டு. குழந்தைப் பருவத்துக்கு மறு போகம் கிடையாது.

உலக அளவில் போட்ட கணக்கு

ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யூனிசெப், 2021 ஆகஸ்டில் குழந்தைகளுக்கான பருவநிலை ஆபத்துக் குறியீட்டை வெளியிட்டது. 163 நாடுகளை வரிசைப்படுத்தியதில் இந்தியா 26ஆம் இடத்தில், மிக அதிக ஆபத்துள்ள 33 நாடுகளுள் ஒன்றாக இருந்தது. அந்த 33 நாடுகளில் மட்டும் சுமார் 100 கோடிக் குழந்தைகள் வாழ்கின்றனர்.

அந்தக் குறியீடு கணக்கிடப்பட்ட முறை நமக்கும் பயன்படும். அதில் இரண்டு பாகங்கள் உண்டு. முதல் பாகம், குழந்தை எந்தெந்த ஆபத்துக்கு எதிரே நிற்கிறது என்பது. வெப்ப அலை, வெள்ளம், புயல், தண்ணீர்ப் பஞ்சம், கொசு பரப்பும் நோய், காற்று மாசு, மண் மற்றும் நீர் மாசு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் பாகம், அதைத் தாங்கும் சக்தி குழந்தைக்கு இருக்கிறதா என்பது. உடல்நலம், உணவு, கல்வி, குடிநீர், கழிப்பிடம், வறுமை ஆகியவை இதில் வருகின்றன. மழையையும் வெயிலையும் நாம் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் இரண்டாம் பாகத்தில் உள்ளவை பெரும்பாலும் வீட்டிலும் ஊரிலும் திருத்தக் கூடியவை.

நம் பகுதியின் நிலை

திருப்பூர் மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையில் நமக்குக் கிடைப்பது குறைவு. வடகிழக்குப் பருவமழையே ஆதாரம். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கு மாற்றி மாற்றித்தான் தண்ணீர் விடப்படுகிறது. காங்கயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்தில் மேட்டுக்காடும் கொறங்காடுமே பெரும்பகுதி.

2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. இதற்கு நேர்மாறாக 2011 நவம்பரில் திருப்பூரில் திடீர் மழை பெய்து, ஜம்மனை ஓடையிலும் சங்கிலிப்பள்ளத்திலும் வெள்ளம் புகுந்து கரையோரக் குடிசைகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. வறண்ட மாவட்டத்தில் வெள்ளம் ஏன் என்று கேட்கலாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும் வாய்ப்புக் கூடுகிறது. இடையில் மழையில்லா நாட்களும் நீளக் கூடும்.

வெயிலையும் இனி இயற்கைதானே என்று விட்டுவிட முடியாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது.

வறட்சி வீட்டுக்குள் வரும் வழிகள்

தண்ணீர்: கிணறு வற்றினால் ஆழ்குழாய் நீரையே குடிக்க நேரிடுகிறது. நைட்ரேட் ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மிகுந்தால், புட்டிப்பாலில் அந்த நீரைக் கலந்து கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் உப்பும் போகமாட்டா. நீர் சுண்டச் சுண்ட அவை செறிவாகவே ஆகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு. நொய்யல் கரைக் கிணறுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு நீர் தேங்கும் இடமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாத ஏற்பாடு செய்த பின்பே இயங்கலாம் என்றது. ஆயினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் போகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடத்தில் ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில், கிணற்று நீரைச் சோதித்துக் கொள்ளவும்.

கொசு: தண்ணீர் வராத ஊரில் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றிலும் நீரைப் பிடித்து வைக்கிறோம். டெங்கு கொசு இந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வறட்சிக்கு அடுத்து வந்த 2017இல் தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. கொசு முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக் கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வெறுமனே கவிழ்த்து வைத்தால் போதாது. வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

உணவு: கறவை மாட்டை விற்றால் முதலில் குறைவது குழந்தையின் பால். சத்துணவு பள்ளி நாட்களில் கிடைக்கிறது. ஆனால் கிணறு வற்றி, காட்டு வேலையும் இல்லாத மே மாதத்தில் பள்ளிக்கும் விடுமுறை. ஆண்டிலேயே வீட்டுச் சமையல் மிக மெலிந்திருக்கும் மாதம் அதுதான்.

பள்ளி: பயிர் போனால் கடன். கடனுக்குப் பிள்ளையின் கை. நம் பகுதியில் பனியன் கம்பெனி, விசைத்தறி, நூற்பாலை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இந்த வழி மிகச் சுருக்கம். மழையற்ற பிற மாவட்டங்களிலிருந்து வளரிளம் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலைகளுக்கு அழைத்து வரப்பட்டதையும், கூலியில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டு திருமணச் செலவுக்கெனக் கடைசியில் மொத்தமாகத் தருவதாகச் சொல்லப்பட்டதையும் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் பலரும் அறிவர். நடுவில் நின்றால் மொத்தத் தொகையும் கையில் வராமற்போனது உண்டு. 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பதை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்கிறது. வீட்டுத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு இருந்தாலும், அது பள்ளி நேரம் போக மட்டுமே. 14 முதல் 18 வரை உள்ளவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது. ஓராண்டு வறட்சிக்காக நின்ற பிள்ளை, மழை வந்த பின் பள்ளிக்குத் திரும்புவது அரிது.

கைவிட்ட குழாய்க் கிணறு

தண்ணீர் மட்டம் இறங்க இறங்க இன்னொரு குழாய் போடுகிறோம். நீர் கிட்டாத பழைய துளை வாய் திறந்தபடி கிடக்கிறது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை இவ்விதத் துளையில் விழுந்து, பல நாள் முயன்றும் காப்பாற்ற முடியாமல் போயிற்று. வறட்சி இப்படியும் குழந்தையைக் கொல்கிறது.

2010இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிமுறைகள் வகுத்துள்ளது. குழாய் போடும் முன் 15 நாட்களுக்குக் குறையாமல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கையில் சுற்றிலும் வேலி வேண்டும். குழாயைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் பற்ற வைத்து மூட வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். சாக்கும் முள்ளும் போட்டு மூடுவது மூடல் ஆகாது. வற்றிய கிணறு, வண்டல் எடுத்த குழி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். மழை பெய்து அவை நிரம்பும்போது ஆழம் தெரியாமல் பிள்ளைகள் இறங்குவது வழக்கம்.

வீட்டுக் கணக்கு போடும் முறை

கீழ்க்கண்ட 10 கேள்விகளுக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று எழுதவும்.

1. குடிக்கும் கிணற்று நீர் இந்த ஆண்டு சோதிக்கப்பட்டதா?
2. நீர்த் தொட்டிகள் மூடியிருக்கின்றனவா? வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவப்படுகின்றனவா?
3. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடியில் எடை பார்க்கப்பட்டு, எடை ஏறி வருகிறதா?
4. நிலத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள கிணறு, குழி, குழாய்த் துளை எல்லாவற்றுக்கும் காப்பு உள்ளதா?
5. வீடு ஓடை, பள்ளத்தை விட்டு விலகி மேட்டில் உள்ளதா?
6. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடானால், பகல் பொழுதில் குழந்தை இருக்க வேறு நிழல் இடம் உண்டா?
7. பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோரும் தவறாமல் போகிறார்களா?
8. பயிர் முழுவதும் போனாலும் மூன்று மாதம் ஓட்டத் தானியம், ஆடு, பால் அல்லது வேறு வருமானம் உண்டா?
9. பிள்ளையின் உழைப்பைக் காட்டி யாரிடமும் முன்பணம் வாங்காமல் இருக்கிறோமா?
10. தாய் தந்தை இருவரும் ஒன்றரை ஷிப்டு வேலைக்குப் போனால், குழந்தையைப் பார்த்துக் கொள்ளப் பெரியவர் உண்டா?

"இல்லை" என்ற ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மூன்றுக்கு மேல் இருந்தால் அடுத்த வறட்சிக்கு முன் திருத்த வேண்டிய வேலை நிறைய உள்ளது என்று கொள்ளலாம். ஆனால் புள்ளி குறைவு என்று நிம்மதி அடைய வேண்டாம். நான்காம் கேள்விக்கு மட்டும் "இல்லை" என்றால் கூட, அதை அன்றைக்கே சரி செய்தாக வேண்டும்.

மாசி மாதத்தில், கோடை தொடங்கும் முன் ஒரு முறையும், புரட்டாசியில், மழைக்கு முன் ஒரு முறையும் இந்தக் கணக்கைப் போடுவது நல்லது.

உடனே தெரிய வேண்டிய மூன்று

அங்கன்வாடிப் பணியாளரிடம் உள்ள நாடாவால் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் ஊட்டக் குறைவு, 11.5க்குக் கீழ் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்கிக் கொடுக்கவும். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

வெயிலில் குழந்தை சோர்ந்து, சிறுநீர் குறைந்து, உடல் கொதித்துப் பிதற்றினால் நிழலுக்குக் கொண்டு வந்து, ஈரத்துணியால் துடைத்துக் கொண்டே 108 வண்டியைக் கூப்பிட வேண்டும். மயக்கமாக உள்ள குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஊர்க் கணக்கு

தனி வீட்டால் முடியாதவையும் உண்டு. ஓடைக் கரைக் குடிசைகளை மாற்றுவது, கோடையில் குடிநீர், கைவிட்ட புறம்போக்குக் குழிகளை மூடுவது ஆகியவை ஊர் சேர்ந்து கேட்க வேண்டியவை. இதற்குக் கிராம சபை ஏற்ற இடம். வீட்டுத் தாள்களை ஒன்று சேர்த்து, எத்தனை வீட்டில் எந்தக் கேள்விக்கு "இல்லை" என்று கூட்டிக் காட்டினால், அது வெறும் புகாராக இராது, கணக்காக இருக்கும். அதைத் தீர்மானமாக எழுதி வைக்கக் கேட்கலாம். தென்னந்தோப்பிலும் கம்பெனிக் கொட்டகையிலும் தங்கி வேலை செய்யும் வெளி மாநிலத்தாரின் குழந்தைகளையும் இதில் சேர்க்கவும். அவர்களில் பலர் தம் ஊரில் வெள்ளமோ வறட்சியோ துரத்தியதால் இங்கு வந்தவர்கள். மொழி தெரியாததால் பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் அவர்களிடையே அதிகம். பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவதோ, இளவயதுத் திருமணமோ தெரிய வந்தால் 1098 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

விதைக்கு முன் முளைப்புத் திறன் பார்க்கிறோம். உரமிடுமுன் மண்ணைச் சோதிக்கிறோம். மழை தவறிய ஆண்டில் முதலில் எதை விற்பது, எதை விற்கவே கூடாது என்று முடிவு செய்வதும் உழவுத் தொழிலின் ஒரு பகுதிதான். விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் விதைத் தானியம் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. பிள்ளையின் பால், பிள்ளையின் படிப்பு இரண்டையும் அதற்கு மேலே எழுதி வைக்க வேண்டும்.