பல்கலைக்கழகமும் வயல்வரம்பும்

'பல்கலைக்கழகம்' என்னுஞ் சொல்லை மாணவர்க்குப் பிரித்துக் காட்டும் போதெல்லாம், 'கழகம்' என்னும் ஈற்றுச் சொல்லிலேயே என் மனம் நின்றுவிடும். கலைகள் பலவாதல் பெரிதன்று. அவை கூடியிருந்து உரையாடுதலே பெரிது. உரையாடாத கலைகள் ஒரு மதிலுக்குள் வாழும் அயலாரை ஒப்பன.

வடபுலத்தில் அத்தகைய கூட்டுறவுக்கு இடமாக எழுந்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகப் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் தொடங்கி, 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே மருத்துவமும் வரலாறும் இசையும் நடனமும் பயிலப்படுகின்றன. நம் வன்னி நிலத்திலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் அதன் விவசாயம், பொறியியல், தொழினுட்பம் ஆகிய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகமோ 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டது.

கலைகள் உரையாடினால் விளைவது யாது? விபுலாநந்த அடிகளாரைப் பாருங்கள். அவர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். தமிழ்ப் புலமையும் இசையறிவும் கணிதமும் அவரிடத்து ஒன்றாய்க் கூடியமையாலன்றோ 1947 இல் 'யாழ் நூல்' வெளிவந்தது!

கற்றோர் கிராமத்தை நாடிச் சென்றமைக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சான்று. அவர் 1960களில் கிராமத்து அண்ணாவிமாரை மதித்து, நாட்டுக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். களரியில் விடிய விடிய ஆடிய கூத்து, ஆராய்ச்சிக்குரிய கலையாக மதிக்கப்பெற்றது. அவரே பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தருமானார்.

அவ்வழி இன்னும் திறந்திருக்கின்றதா என்னும் கவலை எனக்குண்டு. 2009 ஆம் ஆண்டுப் போரில் எம் உடையார்கட்டு மக்கள் விதைநெல்லையும் ஏடுகளையும் இழந்து இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தபோது முதியோர் நினைவே எஞ்சியிருந்தது. என்னிடம் தமிழ் கற்ற மாணவியொருத்தி விவசாய பீடத்திற்குச் சென்றாள். விடுமுறைக்கு வந்தவள், குளத்தின் கீழ் வயல்செய்த முதியவரொருவரிடம் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பழைய நெல்லினங்களைப் பற்றி வினவினாள். யானும் உடனிருந்தேன்.

பேச்சு சூடுமிதிக்கும் களத்திற்குத் திரும்பிற்று. களத்திலே நெல்லை நெல்லென்னார்; 'பொலி' என்பர். அங்கு வழங்கிய சொற்களை அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்ல, அவள் நெல்லினத்தை எழுதினாள். யான் சொல்லை எழுதினேன்.

"மிச்சத்தை அடுத்த முறை சொல்லுறன், பிள்ளை" என்றார் முதியவர்.

அடுத்த விடுமுறைக்கு முன்னரே அவர் காலமானார். எங்கள் இரு குறிப்பேடுகளும் பாதியிலேயே நிற்கின்றன.

பொறி வந்தபின் சூடுமிதித்தல் அருகிற்று. அதனோடு சொல்லும் அருகுகின்றது. விவசாய பீடத்தார் விதையைத் தேடி வரும்போது தமிழ்த் துறையாரும் உடன்வரல் வேண்டும். அவர்கள் வருமளவும் நாம் காத்திருத்தலும் தகாது. உங்கள் வீட்டு முதியவர் அருகில் இன்று மாலையே ஒரு கொப்பியுடன் அமருங்கள். கழகம் அத்திண்ணையிலேயே தொடங்கட்டும்.