தகவல் துளி: அறுவை மில்லும் கூடலூர் வழக்கும்

ஊருக்கு ஊர் மர அறுவை மில்கள் இருந்தாலும், நினைத்தவுடன் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட முடியாது. காரணம், நீலகிரியின் கூடலூர்க் காடுகள். அங்கே மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு இந்தியா முழுவதையும் தொட்டது: மத்திய அரசின் முன் அனுமதியின்றிக் காட்டுக்குள் அறுவை மில்லோ பிளைவுட் மில்லோ இயங்கக்கூடாது. 2002இல் புதிய மில்களுக்கும் கடிவாளம் விழுந்தது. 2016 முதல் மாநில அளவிலான குழு, மரம் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்தே உரிமம் தருகிறது.

நம் புதுக்கோட்டையின் கதை சற்று வேறு. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் இங்கே வளர்க்கும் தைல மரம், பெரும்பாலும் காகிதக் கூழுக்கானது. அறுவை மில்லுக்குப் போகாமல், பட்டை உரித்த கழிகளாக லாரி ஏறிவிடுகிறது. மில்களை மட்டும் எண்ணினால் இந்த மாவட்டத்தின் மர வணிகம் பிடிபடாது. வானம் பார்த்த இந்தப் பூமியில் தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற விவசாயிகளின் கவலையையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.